காய்ச்சலுக்கு அடுத்த மாதம்

ஒட்டுசுட்டான் என்ற பெயருக்கு அந்த ஊரில் சொல்லப்படும் கதை ஒரு குரக்கன் சேனையிலே தொடங்குகிறது. அறுவடை முடிந்து நின்ற தாளை, அதாவது ஒட்டை, கமக்காரன் ஒருவன் தீ வைத்துச் சுட்டான். சுட்ட இடத்தில் லிங்கம் வெளிப்பட்டது. தான்தோன்றீஸ்வரர் கோயில் அங்கே எழுந்தது. கோயிற்கதையை ஒருபுறம் வைத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வன்னியின் வரலாற்றில் பாதி அதற்குள் கிடக்கிறது. காடு வெட்டி, எரித்து, விதைத்து, அறுத்து, மறுபடி சுட்டு வாழ்ந்த மனிதர்கள். அவர்கள் கை ஓய்ந்ததும் திரும்பி வந்த காடு. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி நீருக்குப் பஞ்சமில்லை. பேராறு இருக்கிறது, முத்துஐயன்கட்டுக் குளம் பக்கத்திலே இருக்கிறது, மண்ணும் நெல்லுக்கு இசைந்த மண். இவ்வளவும் இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இந்தப் பக்கம் ஏன் ஆளில்லாமல் கிடந்தது என்பது பழைய கேள்வி. காய்ச்சல் என்பது அதற்குப் பழைய பதில். அந்தப் பதில் பிழையல்ல, அரைகுறையானது. மலேரியா தன் பெயரில் கொன்றவர்களைவிடப் பிற நோய்களின் பெயரில் கொன்றவர்களை நாம் கணக்கில் எடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்றில் ஒரு பகுதி பழைய அரசாங்கப் பதிவுகளில் இருக்கிறது. மறுபகுதி, வெண்குருதிக் கலம் எப்படி நகர்கிறது, எப்போது நின்றுவிடுகிறது என்று கடந்த சில பத்தாண்டுகளில் தெரியவந்த செய்திகளில் இருக்கிறது.

வழக்கமான வரலாறு போரில் தொடங்கும். 1782இல் ஒல்லாந்தர் வன்னிமைகளை அடக்கினார்கள். நாகெல் என்ற அதிகாரி வன்னியின் நிர்வாகத்தை ஏற்றார். பிரித்தானியர் வந்த பிறகு, 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைச் சொல்லும் நடுகல் ஒட்டுசுட்டானுக்கு அடுத்த கற்சிலைமடுவிலே நின்றது. தோற்ற நாட்டில் குளக்கட்டுகளைப் பேணும் கைகள் குறைந்தன. கட்டு உடைந்த குளங்கள் சேறும் குட்டையுமாகின. குட்டையில் நுளம்பு பெருகியது. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைந்நூல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், இங்கே மக்கள் பெருகாததற்குக் காய்ச்சலையும் பறங்கி வியாதியையும் காட்டுகிறார். அக்கால ஆங்கில அதிகாரிகளின் எழுத்துகளில் இவற்றோடு மூன்றாவது காரணம் ஒன்றும் திரும்பத் திரும்ப வரும்: சோம்பல். ஆண்டுக்கு நாலைந்து மாதம் இரத்தம் செத்து, மூச்சு வாங்கி, வெயிலிலே நடுங்கிக்கொண்டு படுத்திருந்தவனைச் சோம்பேறி என்று எழுதியவர்களுக்கு, அவனுடைய விலா எலும்பின் கீழே கைவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கைவைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 1840களில் யமுனைக் கால்வாய்க் கரை ஊர்களில் டெம்ப்ஸ்டர் என்ற படை வைத்தியர் தொடங்கிய முறை அது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடப்பக்க விலாவின் கீழே விரல்களை மெல்ல அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வார்கள். சுகமான பிள்ளையின் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது. அடிக்கடி காய்ச்சல் கண்ட பிள்ளையின் மண்ணீரல், மூச்சோடு கீழிறங்கி வந்து விரல்நுனியில் முட்டும். முற்றியதென்றால் தொப்புள் வரை கல்லுப்போல் கிடக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி என்பதுதான் மண்ணீரல் வீதம். உலக சுகாதார தாபனம் 1950இல் கம்பாலாவில் கூட்டிய மாநாடு இதை வைத்துத்தான் ஊர்களைத் தரம் பிரித்தது. பாதிக்கு மேல் போனால் அது மலேரியா ஊறிய ஊர். இலங்கையின் உலர்வலயம் முழுவதும் இந்த வீதம் உயர்ந்தே இருந்தது. நுணுக்குக்காட்டியும் இரத்தக் கண்ணாடியும் வந்த பிறகு இந்த விரல்முறையை நாட்டுவைத்தியத்தின் தம்பி என்று சிலர் இளக்காரமாகப் பார்த்ததுண்டு. ஆனால் 2021இல் இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியில், வேறு காரணங்களுக்காக மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் செய்த ஆய்வு, காய்ச்சல் அறிகுறியே இல்லாதவர்களின் உடலில் இருந்த விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமிகளில் 98 வீதத்துக்கு மேல் மண்ணீரலுக்குள்ளேயே ஒளிந்திருந்ததைக் காட்டிற்று. இரத்தத்துளி பொய் சொல்லிய இடத்தில் விரல்நுனி மெய் சொல்லியிருக்கிறது.

மண்ணீரல் வீங்கியவன் நோயாளியா, காவலாளியா என்ற சந்தேகத்தை 1934–35 கொள்ளைநோய் எழுப்பியது. ஈரவலயத்தில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, கியூலிசிபேசிஸ் நுளம்பு அவற்றில் பெருகி, சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலையும் குருநாகலும் அலறின. தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலில் ஊறிய உலர்வலயத்தை அந்த அலை அந்த அளவுக்கு அள்ளிக்கொண்டு போகவில்லை. அங்கே வளர்ந்தவர்களின் உடல் கிருமியை அடையாளம் கண்டு அடக்கப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்துக்கான விலையைப் பிள்ளைகள் கட்டினார்கள்: ஐந்து வயதைத் தாண்டியவன் தப்பினான், தாண்டாதவன் பதிவேட்டில் ஒரு வரியானான்.

அந்த வரியில் என்ன எழுதப்பட்டது என்பதுதான் சிக்கல். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் ஒழுங்கானது. நாட்டுப்புறத்தில் இறப்பைப் பதிந்தவர் வைத்தியர் அல்லர். செத்தவரின் உறவினர் சொன்னதைக் கேட்டு எழுதிய பதிவாளர். ஆகவே காய்ச்சல், வலிப்பு, மெலிவு, வயிற்றுளைவு, வயிற்றோட்டம், நெஞ்சுச்சளி என்ற தலைப்புகள் பெருகிக் கிடந்தன; மலேரியா என்ற பெயர் அவற்றுக்குள் சிறிய பங்கையே பெற்றது. குழந்தையின் வலிப்பு, மூளைக்கேறிய மலேரியாவாக இருந்திருக்கலாம் என்று வாசகர் எளிதில் ஊகிப்பார். வயிற்றுளைவும் நெஞ்சுச்சளியும்? அவை வேறு கிருமிகளின் வேலை. தண்ணீரும் கழிவிடமும் கெட்ட ஊரில் அவை தாமாகவே வரும். அவற்றுக்கு மலேரியாவைப் பொறுப்பாக்குவது எப்படி நியாயம்? இந்தக் கேள்விக்கு நேரான விடை நீண்ட காலம் இருக்கவில்லை. மலேரியா உடலை நலிவாக்கும், நலிந்த உடலில் மற்ற நோய் தங்கும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். நலிவு என்பது விளக்கமாகாது, விளக்கம் வேண்டிய இடத்தில் வைத்த சொல் அது.

இங்கேதான் வெண்குருதிக் கலத்தின் கதை வந்து சேர்கிறது. 1867இல், இலங்கையில் இறப்புப் பதிவு தொடங்கிய அதே ஆண்டில், ஜேர்மனியில் யூலியஸ் கோன்ஹைம் தவளையின் உடலிலிருந்த மெல்லிய சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழே விரித்து, அழற்சி கண்ட இடத்தில் வெண்கலங்கள் இரத்தக்குழாயின் சுவரை ஒட்டி நின்று, பிறகு அந்தச் சுவரினூடே பிதுங்கி வெளியேறுவதை விவரித்தார். 1882இல் மெஸினாவில் மெச்னிக்கோப் கண்ணாடிபோன்ற நட்சத்திரமீன் குடம்பியில் முள்ளைக் குத்தி, மறுநாள் அந்த முள்ளைச் சூழ்ந்து கலங்கள் மொய்த்திருக்கக் கண்டார். 1888இல் கண்வைத்தியரான லேபர், வெண்கலங்கள் கண்டபடி அலைவதில்லை, இரசாயன வாசனையைப் பிடித்துப் போகின்றன என்றார். வாசனையைப் பிடிப்பதென்றால் எப்படி? நியூற்றோபில் என்ற கலத்தை எடுத்துக்கொள்வோம். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அகலம். எலும்பு மச்சை நாளொன்றுக்குப் பதினாயிரம் கோடி அளவில் இவற்றை இறக்கிவிடுகிறது. இரத்தத்தில் இவற்றின் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. கிருமி புகுந்த இடத்திலிருந்து இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்புப் பொருள் கசியும். கலத்தின் மேற்பரப்பெங்கும் அதைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. கலத்தின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அந்தப் பொருளின் செறிவில் ஒன்றிரண்டு வீதமே வேறுபாடு இருந்தாலும் கலத்துக்கு அது போதும். முன்பக்க ஏற்பிகள் உள்ளே எழுப்பும் செய்தி பீ.ஐ.3 கைனேஸ் என்ற நொதியத்தைத் தட்டி எழுப்பும். அது கலச்சவ்வின் உட்புறக் கொழுப்பில் ஒரு பொஸ்பேற்றைச் சேர்த்து அடையாளமிடும். அடையாளம் விழுந்த இடத்தில் றாக் என்ற புரதம் விழித்துக்கொள்ள, அக்ரின் இழைகள் முளைத்துச் சவ்வை முன்னே தள்ளும். பக்கங்களிலும் பின்னாலும் பிரென் என்ற நொதியமும் அதன் கூட்டாளிகளும் அதே அடையாளத்தை அழித்துக்கொண்டே இருக்கும். பின்புறம் றோ கைனேஸ் சுருக்கி இழுக்கும். ஒரு துருசைத் திறந்து மறு துருசை அடைத்து வாய்க்காலைத் திருப்புகிற வட்டவிதானையின் வேலைதான் இது. 2000ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே காலத்தில், பீ.ஐ.3 கைனேஸின் காமா வகையை இழந்த எலிகளில் நியூற்றோபில்கள் அழைப்புக் கேட்டும் போய்ச்சேரத் தடுமாறுவதைக் காட்டின.

திறப்பவன் இருந்தால் அடைப்பவனும் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதியங்களில் ஒன்று ஜி.ஆர்.கே.2. அழைப்பு அளவுக்கு மிஞ்சும்போது அது ஏற்பியில் பொஸ்பேற்றைப் பூட்டும். பூட்டப்பட்ட ஏற்பியைக் கலம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு காயம், ஒரு திசை என்றிருக்கும்போது இது நல்ல ஏற்பாடு. சேனைப் பரணில் இருப்பவனுக்கு ஒரு பக்கம் பன்றி வந்த சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடுவான்; நாலா பக்கமும் விடிய விடியச் சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவான். இரத்தமெங்கும் கிருமி நிறைந்த மலேரியா நோயாளியின் உடலில் அழைப்பு எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. 2012இல் பிரேசில் ஆய்வாளர்கள் விவாக்ஸ் மலேரியா கண்டவர்களின் நியூற்றோபில்களைச் சோதித்தார்கள். அவை உறங்கிக் கிடக்கவில்லை. விழுங்கும் வேகமும் நச்சு ஒட்சிசன் உமிழும் வேகமும் கூடியே இருந்தன. நகர்ச்சிதான் போய்விட்டது. இன்டர்லூக்கின்-8ஐப் பிடிக்கும் ஏற்பி குறைந்திருந்தது, ஜி.ஆர்.கே.2 கூடியிருந்தது. அவர்கள் கட்டுரைக்கு இட்ட தலைப்பிலேயே வாதம் என்ற நோயின் பெயர் வருகிறது: முடங்கிய நியூற்றோபில். ஆயுதம் ஏந்தியபடி, கால் வழங்காமல், இரத்தத்தோடு அள்ளுண்டு போகிற கலம். அதே காலத்தில் லண்டனில் கனிங்டனும் ரைலியும் எலிகளில் இன்னொரு வழியைக் கண்டார்கள். செங்கலங்கள் உடைந்து கொட்டுகிற ஹீமின் நஞ்சிலிருந்து உடலைக் காப்பதற்கு ஹீம் ஒட்சிஜனேஸ் என்ற நொதியம் எழுகிறது. அந்தக் காப்பின் பக்கவிளைவாக, அப்போது மச்சையிலிருந்து இறங்கும் நியூற்றோபில்கள் கொல்லும் வலு குறைந்தவையாகின்றன. சல்மொனெல்லா அவற்றுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. காம்பியாவின் பிள்ளைகளிலும் இந்த வலுக்குறை காணப்பட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் அது மீள வாரக்கணக்காயிற்று.

வன்னியின் ஆண்டுச் சக்கரத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஐப்பசியில் மாரி இறங்கும். மார்கழியிலும் தையிலும் ஆற்றுப்படுகையில் தண்ணீர் துண்டுபட்டுக் குட்டையாகும், காய்ச்சல் ஏறும். நிலவேம்புக் கசாயமோ, பின்னாளில் கொயினாவோ குடித்து எழுந்த பிள்ளை தேறிவிட்டது என்று தாய் நினைத்திருப்பாள். மாசியில் குளத்து நீர் குறைந்து கலங்கும்போது அதே பிள்ளைக்கு வயிற்றுளைவு வரும், அல்லது நெருப்புக்காய்ச்சல், அல்லது நெஞ்சுச்சளி. எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியவைதான். ஆனால் இந்தப் பிள்ளையின் குடலுக்கோ நெஞ்சுக்கோ போகவேண்டிய வெண்கலங்கள் போய்ச்சேரவில்லை, போனவற்றுக்கும் வலுவில்லை. பதிவாளரின் கையில் அது மாசி மாதத்து வயிற்றுளைவு. மார்கழி மாதத்துக் காய்ச்சல் எந்தப் பத்தியிலும் இல்லை.

இதற்கு எதிராக நிற்கும் மிகப் பலமான வாதம் புள்ளிவிபரத்திலிருந்து வருகிறது, அதைச் சுற்றி வளைத்துத் தப்பிக்க முடியாது. டி.டி.ரி. தெளிப்பு இலங்கை முழுதும் பரவிய 1946க்கும் 1947க்கும் இடையில் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 14 அளவுக்கு விழுந்தது. பொருளியலாளர் பீற்றர் நியூமன் 1965இல், போருக்குப் பிந்திய இந்த வீழ்ச்சியில் நாற்பது வீதத்துக்கு மேற்பட்ட பங்கு மலேரியா ஒழிப்புக்குரியது என்றார். எஸ். ஏ. மீகம 1967இல் மறுத்தார்: மலேரியா இல்லாத இடங்களிலும் இறப்பு விழுந்ததே, வைத்தியசாலைகளும் மருந்துகளும் உணவும் கூடியதை ஏன் மறக்கிறீர்கள்? ஆர். எச். கிறே 1974இல் கணக்கை மறுபடி போட்டு மலேரியாவின் பங்கை 23 வீதத்துக்கு இறக்கினார். கவனிக்கவேண்டியது, நியூமனும் கிறேயும் மாவட்டங்களை ஒப்பிடுவதற்குப் பிடித்த அளவுகோல் பிள்ளைகளின் மண்ணீரல் வீதம்தான். டெம்ப்ஸ்டரின் விரல்கள் நூறாண்டு கடந்து பொருளியலாளரின் மேசைக்கு வந்திருந்தன. நான் மீகமவின் பக்க நியாயத்தை ஏற்கிறேன். கொழும்பில் இறப்புக் குறைந்ததற்கு நுளம்பு காரணமில்லை. ஆனால் 23 வீதம் என்பது நாடு முழுவதற்குமான சராசரி. மலேரியாவே தட்டாத மலைநாட்டையும் மேற்குக் கரையையும் சேர்த்துப் பிசைந்தெடுத்த எண். வன்னியைப்போல மண்ணீரல் வீதம் உச்சத்தில் நின்ற இடத்தில் அந்தப் பங்கு பல மடங்காகவே இருந்திருக்கும். மலேரியா என்று எழுதப்பட்ட சாவுகளை மட்டும் கழித்துப் பார்த்தால் நாட்டின் வீழ்ச்சிக்கே கணக்கு உதைக்கும்; மற்ற நோய்ச் சாவுகளும் கூடவே குறைந்தன. நியூமன் மறைமுகச் சாவு என்று சொன்னதைக் கையால் பிடித்துக் காட்ட அவரிடம் கலமும் இல்லை, நொதியமும் இல்லை. அவருக்குப் பின் நாலு பத்தாண்டு கழித்து கென்யாவின் கிலிபியில் அந்தப் பிடி கிடைத்தது: 2011இல் வெளியான ஆய்வின்படி, மலேரியா மும்முரமாக இருந்த காலத்தில் பிள்ளைகளின் இரத்தத்தில் பற்றீரியா பரவிய நோயில் பாதிக்கு மேல் மலேரியாவின் கணக்கில் சேரவேண்டியது. மலேரியா குறைந்ததும் அதுவும் கூடவே குறைந்தது.

கிலிபியின் மலேரியா பல்சிபாரம் வகை, இலங்கையில் பிற்காலக் கணக்குகளில் பெரும்பான்மை விவாக்ஸ், ஆபிரிக்கப் பிள்ளையின் கணக்கை ஒட்டுசுட்டான் பிள்ளைக்கு ஒட்டலாமா என்று ஒருவர் கேட்கலாம். பழைய வன்னியில் இரண்டும் இருந்தன. கலம் முடங்கியதைக் காட்டிய பிரேசில் ஆய்வோ விவாக்ஸ் நோயாளிகளிடம் செய்தது. கொல்லும் வேகம் வேறு, முடக்கும் வழி ஒன்றுதான். இன்னொருவர், வரலாற்றாசிரியர், வேறு பக்கமிருந்து வருவார்: போரும் வரியும் குளக்கட்டு உடைந்ததும் மனிதர் செய்தவை, அவற்றை நொதியத்தின் தலையில் போட்டு ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் விடுவிக்கிறாயா? இல்லை. கட்டு உடைந்ததால்தான் குட்டை, குட்டையால் நுளம்பு. தோல்விக்குப் பிறகு ஒரு நாடு இரண்டு மூன்று தலைமுறையில் மக்களைப் பெருக்கிக்கொண்டு எழுவது வழமை. வன்னி எழாமல் போனதற்குத்தான் எனக்கு நொதியம் வேண்டியிருக்கிறது, விழுந்ததற்கு அல்ல. லூயிஸ் காய்ச்சலோடு சேர்த்துச் சொன்ன பறங்கி வியாதியை மட்டும் நான் இந்தக் கணக்கில் இழுக்கவில்லை. புண்ணால் பிழைப்பைக் கெடுத்தாலும் அது பெரிதும் கொல்லாத நோய். பென்சிலினோடு அதன் கதை முடிந்தது.

டி.டி.ரி.க்குப் பிறகு காடு வெட்டுவோர் மறுபடி வந்தார்கள். முத்துஐயன்கட்டுக் குளம் திருத்தப்பட்டு அதன் கீழே குடியேற்றம் எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் மிளகாயும் வெங்காயமும் நட்டார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளர்கள்தான். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் மறுபடி அதன் பிடிக்குள் வந்தன. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர்களில் பெரும்பங்கு இந்தப் பக்கம். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் சான்றிதழ் கொடுத்தது. அந்த 2012இன் குடிசனமதிப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர். நாட்டிலேயே அடர்த்தி குறைந்த மாவட்டம் அதுதான். இம்முறை காரணம் நுளம்பு அல்ல.

என் வாதத்தைப் பிழையென்று காட்ட விரும்புகிறவருக்கு வழி திறந்தே இருக்கிறது. 1947க்கு முந்திய இறப்புப் பதிவுகளை மாதவாரியாகப் பிரிக்கவேண்டும். காய்ச்சல் என்று எழுதப்பட்ட சாவுகள் ஒரு வளைகோடு, வயிற்றுளைவும் நெஞ்சுச்சளியும் இன்னொரு வளைகோடு. நான் சொல்வது சரியென்றால், வன்னியில் இரண்டாவது கோட்டின் உச்சி முதற்கோட்டின் உச்சிக்கு நாலு முதல் எட்டுக் கிழமை பிந்தி வரவேண்டும். மாரி பொய்த்துக் காய்ச்சல் குறைந்த ஆண்டுகளில் அதுவும் தாழவேண்டும். குடிதண்ணீரும் கழிவிடமும் அப்படியே இருக்க, 1947இல் இரண்டும் சேர்ந்து விழவேண்டும். மண்ணீரல் வீதம் குறைந்த கொழும்பின் பதிவில் இந்தப் பிந்தல் தெரியக்கூடாது. அங்கேயும் அது தெரிந்தால் வயிற்றுளைவை மாசியின் வெயிலுக்கும் கலங்கல் தண்ணீருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, நியூற்றோபிலை அதன் நுணுக்குக்காட்டிக்கே திருப்பி அனுப்பலாம்.